லீவுக்கு மட்டும்தான், டீச்சர்

நேயர்களுக்கு வணக்கம்.

முழுப் பரீட்சையின் கடைசி நாள் எங்கள் பள்ளி வாசலில் நின்றால் வேடிக்கையாக இருக்கும். பேனாவை உதறி ஒருவன் சட்டையில் இன்னொருவன் நீல மை தெளிப்பான். வீட்டில் அடி விழும் என்று தெரியும். அன்றைக்கு மட்டும் யாருக்கும் பயம் கிடையாது.

நான் தென்காசி மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதாவது படிக்க ஆறு கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். 12 வருடங்களுக்கு முன் அந்த மை விளையாட்டுக்கு நடுவில் ஒரு பையன் என்னிடம் வந்தான். "டீச்சர், நாளைக்கு மெட்ராஸ் போறேன். மாமா மளிகைக் கடைக்கு. லீவுக்கு மட்டும்தான்" என்றான். எங்கள் பக்கத்து ஆட்கள் சென்னையில் மளிகைக் கடை வைத்திருப்பது ஒன்றும் புதிதில்லை. "சரிப்பா, நல்லா சாப்பிடு. ஜூன்ல வந்துரணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவன் வரவில்லை. எனக்கே ஜூலையில்தான் தெரிந்தது, அதுவும் சந்தையில் அவன் அம்மாவைப் பார்த்தபோது. எங்கள் பதிவேட்டில் அவன் தேர்ச்சி பெற்றுப் போய்விட்டவன். உயர்நிலைப் பள்ளிப் பதிவேட்டிலோ அவன் பெயரே ஏறவில்லை. இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டான். இப்போது டி.சி. வாங்கி எங்கும் சேராத பிள்ளைகளை, பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவேடான எமிஸ், ‘காமன் பூல்’ என்று தனியாகக் காட்டுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் திரையில் பெயர் தெரிந்தால் போதாது. யாராவது போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

ஆண்டு இறுதியில் மாணவர்களுக்கு எப்படித் துணை நிற்பது என்று பேசச் சொல்லி வானொலி நிலையத்தார் கேட்டார்கள். பரீட்சைக்கு எப்படிப் படிப்பது என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார்கள். உண்மையைச் சொன்னால், எட்டாம் வகுப்புப் பரீட்சை எங்கள் பிள்ளைகளை அவ்வளவாக மிரட்டுவதில்லை. 2019இல் ஐந்தாவதுக்கும் எட்டாவதுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தபோது கொஞ்ச நாள் கலக்கம் இருந்தது. 2020 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். எட்டு வரை எல்லாரும் பாஸ் என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அவர்களுடைய சோதனை பரீட்சை முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ஒரு வருடம் எட்டாம் வகுப்பில் ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, பெயர் போடாமல் எழுதச் சொன்னேன். ஒன்பதாவதை நினைத்தால் உனக்கு எது பயம்? கணக்கு என்று நிறையப் பேர் எழுதுவார்கள் என்று நினைத்திருந்தேன். ஒருவர்கூட எழுதவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்! ‘பஸ்ல யாரு பக்கத்துல உக்கார்றது.’ ‘பெரிய பையங்க அடிப்பாங்களா.’ ‘பாத்ரூம்ல கதவு இருக்குமா.’ இது ஒரு பெண்பிள்ளையின் கையெழுத்து என்று பார்த்தவுடனே தெரிந்தது. இன்னொரு தாளில், ‘இங்க நான்தான் லீடர். அங்க நான் யாரு?’

அந்தத் தாளை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அதற்கு அப்புறம் ஒவ்வொரு மார்ச்சிலும், தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, எட்டாம் வகுப்பை டவுன் பஸ்ஸில் ஏற்றி அந்த உயர்நிலைப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறேன். ஒரு மணி நேரம்தான். பேச்சாளர் யாரும் கிடையாது. போன வருடம் எங்களிடம் படித்தவர்கள் வந்து, தண்ணீர்த் தொட்டி எங்கே, சத்துணவுக்கு எங்கே வரிசை நிற்பது, எந்த சார் கோபக்காரர் என்று எல்லாவற்றையும் காட்டுவார்கள். பாத்ரூமுக்குக் கதவு இருக்கிறதா என்று பெண்பிள்ளைகள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே சத்தம். போகும்போது அப்படி இருக்காது.

படிப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மே மாதம் முழுக்க டியூஷனில் தள்ளாதீர்கள். ஒன்பதாவதில் கண மொழி, முக்கோணவியல் என்று புதிய பெயர்கள் வரும். அவற்றைப் பார்த்து மிரள வேண்டாம், அங்கே வகுப்பில் சொல்லித்தருவார்கள். பிள்ளைகள் சறுக்குவது பழைய இடத்தில். அடைப்புக்குறிக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வந்தால் போதும். 5இலிருந்து (எக்ஸ் கழித்தல் 2)ஐக் கழி என்றால், உள்ளே இருக்கும் 2 கூட்டலாக மாற வேண்டும். பாதிப் பேர் அதை மாற்ற மாட்டார்கள். பின்னத்திலும் நீள் வகுத்தலிலும் இதே கதைதான். தினம் ஐந்து கணக்கு, அதுவும் ஏழாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து போட்டால் போதும். ஏழாவதா என்று பையன் முகம் சுளிப்பான், பரவாயில்லை.

அப்புறம், தினம் பத்து நிமிடம் செய்தித்தாளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உங்களுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் கேளுங்கள் அம்மா. பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்பது காதுக்கே தெரிந்துவிடும். எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளை, ஒன்பதாவது அறிவியலில் ஒரு பத்தியின் முடிவுக்கு வரும்போது தொடக்கத்தை மறந்திருக்கும்.

இனி பணக் கணக்கு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை எட்டாவதோடு முடிகிறது. ஜூனில் கட்டண ரசீதைப் பார்த்துத் திகைக்காமல் இப்போதே யோசித்து வையுங்கள். அவர்கள் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தால், மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. மாறாக, ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையைப் பெருமைக்காக ஒன்பதாவதில் தனியாருக்கு மாற்றினால் அந்தத் தகுதி போய்விடும். எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வில் தேர்வானவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் பன்னிரண்டாவது வரை வரும். அதுவும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் தொடர்ந்து படித்தால்தான். இன்னொரு சின்ன விஷயம்: இலவசச் சீருடை எட்டாவது வரைதான். ஜூனில் இரண்டு செட் துணிக்கும் தையல் கூலிக்கும் கையில் காசு இல்லாமல், ‘அடுத்த வாரம் போகலாம்’ என்று நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பையன்கள் வேலைக்குப் போனால் ஊருக்கே தெரியும். பெண்பிள்ளைகள் வீட்டிலேயே இருப்பதால் யாருக்கும் தெரியாது. அம்மா பீடி சுற்றும் தட்டுக்குப் பக்கத்தில் மே மாதம் இன்னொரு தட்டு வரும். ஜூனிலும் அது அங்கேயே இருக்கும்.

அந்த மளிகைக் கடைப் பையன் இப்போது சொந்தக் கடை வைத்திருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான். ஊருக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போக மாட்டான். போன பொங்கலுக்கு வந்தவன், "டீச்சர், அப்ப ஜூன்ல நீங்க ஒரு போன் பண்ணியிருந்தா அப்பா அனுப்பியிருப்பாரு" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

இந்த வருடம் என் எட்டாம் வகுப்பில் 19 பேர். எல்லார் வீட்டு நம்பரும் ஒரு நோட்டில் இருக்கிறது. மே இரண்டாவது வாரம் ஒரு சுற்று, ஜூன் முதல் வாரம் ஒரு சுற்று போன் செய்வேன். 17 பேர் எங்கே சேரப்போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. ஒரு பெண்ணின் அம்மா இன்னும் பிடிகொடுத்துப் பேசவில்லை. இன்னொருவன் போன வாரம் வந்து, "கோயம்புத்தூர் போறேன், லீவுக்கு மட்டும்தான் டீச்சர்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பா வீட்டில் இருப்பாராம். போகிறேன்.

நன்றி, வணக்கம்.