சத்தியம் வாங்காதீர்கள்

பின்வரிசையில் இருப்பவர்களும் முன்னால் வந்து உட்காருங்கள். மைக் இல்லாமலே பேசிவிடலாம்.

நேற்று இருவர் இருவராக நடித்துப் பார்த்தோம் அல்லவா? ஒருவர் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்பவர், எதிரே தன்னார்வலர். நான் மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முக்கால்வாசிப் பேர் மூன்று நிமிடத்துக்குள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தீர்கள்: "இனிமே செய்ய மாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணு." அன்பால்தான் கேட்டீர்கள், தெரியும். ஆனால் அந்தப் பேச்சை உங்கள் வாயிலிருந்து எடுப்பதுதான் இன்றைக்கு என் வேலை.

தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் பெரும்பாலும் 12, 14 வயதில் தொடங்குகிறது. உள்ளே தாங்க முடியாத கொந்தளிப்பு. சிலருக்கு நேர்மாறாக, எதுவுமே உறைக்காத மரத்த நிலை. காயம் அதைக் கொஞ்ச நேரம் தணிக்கிறது. பிறகு வெட்கம் வருகிறது. அந்த வெட்கமே அடுத்த கொந்தளிப்புக்கு விறகு. "கவனம் ஈர்க்கத்தான் செய்கிறார்கள்" என்பவர்களிடம் ஒன்று கேளுங்கள்: கவனம் வேண்டும் என்பவர் கொளுத்தும் வெயிலில் முழுக்கைச் சட்டை போடுவாரா?

அப்படி மறைத்தவர் ஒருநாள் உங்களை நம்பிச் சட்டைக் கையை மடித்துவிடுகிறார். நீங்கள் சத்தியம் கேட்கிறீர்கள். தணித்துக்கொள்ள அவருக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடுங்கிவிட்டு, பதிலுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. மறுபடி நடக்கும்போது வெட்கம் இரட்டிப்பாகும். மடித்த சட்டைக் கை மணிக்கட்டு வரை இறங்கிவிடும், இந்த முறை உங்களிடமிருந்தும் மறைக்க.

டி.பி.டி. (Dialectical Behavior Therapy) என்ற உளவியல் சிகிச்சை முறையை உருவாக்கிய உளவியலாளர் மார்ஷா லைனஹன், இளமையில் தானும் இப்படிக் காயப்படுத்திக்கொண்டவர் என்று 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய முறை, ஆளை இருக்கிறபடி ஏற்றுக்கொள்வதையும் மாற்றத்துக்குத் துணை நிற்பதையும் ஒருசேரச் செய்கிறது. சிகிச்சை நம் வேலை இல்லை. அந்த முதல் பாதி மட்டும் நம்மால் முடியும்.

அப்போது என்னதான் கேட்பது? "காயத்துக்கு மருந்து போட்டாச்சா?" அது முதலில். பிறகு, "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" எதை வைத்துச் செய்தாய், எப்படிச் செய்தாய் என்று துருவ வேண்டாம், குழுவில் அந்த விவரத்தைப் பேசவே கூடாது, கேட்கிற இன்னொருவருக்கு அது தூண்டுதலாகிவிடும். ஆனால் ஒன்றை மட்டும் நேரடியாகக் கேட்டே ஆக வேண்டும்: "சாகணும்னு தோணுதா?" காயப்படுத்திக்கொள்கிற எல்லோரும் சாக நினைப்பதில்லை. அதற்காக ஆபத்தே இல்லை என்றும் விட்டுவிட முடியாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாமல் கூடவே இருங்கள், உடனே பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

ஆகவே சத்தியம் வாங்காதது போலவே கொடுக்கவும் கூடாது. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு சொன்னால் அது துரோகம். உயிருக்கு ஆபத்தென்றால் சொல்லியே தீருவேன் என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, நேற்றைய ஜோடிகளே மறுபடி உட்காருங்கள். நேற்றுச் சத்தியம் கேட்டவர், இன்று சட்டைக் கையை மடிப்பவர்.