முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ராக் இசைப் பைத்தியங்கள் நாலு பேர் ஓர் இடத்தில் உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும். எல்லாவற்றிலும் உயர்ந்த ஆல்பம் எது? ஒருவர் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' என்பார். இன்னொருவர் பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' என்பார். மூன்றாமவர் லெட் செப்பலினின் நாலாவது ஆல்பத்தை விட்டுக்கொடுக்கவே மாட்டார். நானும் இந்தச் சண்டையில் பல வருஷமாக இருக்கிறேன். விடிய விடியப் பேசியும் யாரும் கட்சி மாறி நான் பார்த்ததில்லை. ஆனால் அதே ஆட்கள், "சரி, அந்த ஆல்பத்தில் எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு வந்திருக்க வேண்டும்?" என்று பேச ஆரம்பித்தால் கதையே வேறு. வாய் ஓய்ந்து காது வேலை செய்யத் தொடங்கிவிடும். தட்டை எடுத்துப் போட்டுக் கேட்டால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் ஆல்பத்தின் முதல் பாட்டைப் பற்றியும் கடைசிப் பாட்டைப் பற்றியும் பேசுவார்கள். எனக்கு, இசைத்தட்டின் முதல் பக்கம் முடிந்து தட்டைத் திருப்பிப் போடுகிற இடம்தான் உயிர்நிலை. அந்த இடத்தில் என்ன பாட்டு இருக்கிறது என்பதை வைத்தே, வரிசை போட்டவர்களுக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று சொல்லிவிடலாம்.

இதற்கு முதலில் இசைத்தட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். 1948இல் வந்த எல்.பி. தட்டின் குறுக்களவு 12 அங்குலம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று. அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. ஊசி வெளி விளிம்பில் இருக்கும்போது அந்த 1.8 நொடியில் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கோடு ஓடுகிறது. நடுவிலிருக்கும் லேபிளை நெருங்கும்போது அதே 1.8 நொடிக்கு 40 சென்டிமீட்டர்கூடத் தேறாது. அதே சத்தத்தைப் பாதி இடத்தில் நெருக்கி அடைக்க வேண்டும். சிம்பலின் சலசலப்பும் பாடுகிறவரின் 'ஸ்' ஒலியும்தான் அங்கே முதலில் கரகரக்கும். அதனால் அதிரடியான பாட்டை விளிம்பில் வை, அமைதியான பாட்டை உள்ளே வை என்பது தட்டு வெட்டுகிறவர்களின் பழைய கணக்கு. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்தைத் தாண்டிப் போகப்போக, கோடுகளை இன்னும் நெருக்க வேண்டும், சத்தம் குறையும். இத்தனை கட்டுக்குள்தான் அந்த வரிசைகளை எல்லாம் போட்டார்கள்.

பீட்டில்ஸின் 'ஆபி ரோடு' ஆல்பத்தை நான் முதல்முறை தட்டில் கேட்டபோது எனக்குப் பதினேழு வயது. முதல் பக்கத்தின் கடைசியில் 'ஐ வான்ட் யூ' என்ற பாட்டு. ஏழே முக்கால் நிமிடம். அதில் கடைசி மூன்று நிமிடம், ஒரே கிடார் சுழற்சி திரும்பத் திரும்ப வருகிறது. அடியில் மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியிலிருந்து புயல் காற்று மாதிரி ஓர் இரைச்சல் எழுந்து, மெல்ல மெல்ல கிடாரையே விழுங்குகிறது. இதற்கு எப்படித்தான் முடிவு கட்டப்போகிறார்கள் என்று நினைக்கும்போதே, சட்டென்று ஒன்றுமில்லை. மங்கி மறையவில்லை, கடைசி அடி விழவில்லை. ஓசை அறுந்துவிட்டது. நான் கரண்ட் போய்விட்டது என்றே நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் விளக்கு எரிகிறது. தட்டு சுற்றுகிறது. ஊசி வெறும் கோட்டில் டக், டக் என்று தட்டிக்கொண்டிருக்கிறது. ஜான் லெனன் அந்த இடத்தில் டேப்பை வெட்டச் சொன்னார், வெட்டினார்கள். அவ்வளவுதான்.

எழுந்து போய், ஊசியைத் தூக்கி, தட்டைத் திருப்பி, துணியால் ஒரு தடவை துடைத்து, மறுபடி ஊசியை வைத்தேன். ஜார்ஜ் ஹாரிசனின் 'ஹியர் கம்ஸ் த சன்'. கிடார் கலைஞர் எரிக் கிளாப்டன் வீட்டுத் தோட்டத்தில் 1969 வசந்த காலத்தில் எழுதிய பாட்டு. அந்த அக்கூஸ்டிக் கிடாரின் முதல் சில சுரங்கள் காதில் விழுந்தபோது நெஞ்சில் ஏறியிருந்த பாரம் இறங்கியது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. அறுந்த ஓசைக்கும் அந்தக் கிடாருக்கும் நடுவே நான் நடந்த நாலு அடி இருக்கிறதே, அதுவும் ஆல்பத்தில் சேர்த்திதான். இன்று ஒரேயடியாக ஓடவிட்டுக் கேட்டால், வெட்டு விழுந்த அடுத்த மூச்சிலேயே சூரியன் வந்துவிடுகிறது. இருட்டு என்ன என்று உணர்வதற்குள் விடிந்துவிடுகிறது.

இந்த இரண்டு பக்கங்களும் முதலில் மாறித்தான் இருந்தன. குட்டிப் பாட்டுகளை ஒன்றோடொன்று கோத்த பாட்டுத் தொடர் வருகிற பக்கம் முன்னால், 'ஐ வான்ட் யூ' இருக்கும் பக்கம் பின்னால். 1969 ஆகஸ்ட் 20 அன்று பீட்டில்ஸ் நால்வரும் ஸ்டுடியோவில் கூடி, இப்போது நாம் கேட்கும் வரிசையை முடிவு செய்தார்கள். நாலு பேரும் சேர்ந்து ஒரு ஸ்டுடியோவில் இருந்த கடைசி நாள் அது. அன்று மாற்றாமல் விட்டிருந்தால் அவர்கள் ஒன்றுகூடிப் பதிவு செய்த கடைசி ஆல்பம் ஒரு கத்தரி வெட்டில் முடிந்திருக்கும். நினைத்துப் பார்க்கவே பகீர் என்கிறது.

இதையெல்லாம் நான் ஒரு நண்பனிடம் ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்னப்பா உளறுகிறாய்? 'ஹியர் கம்ஸ் த சன்'தானே ஆல்பத்தின் முதல் பாட்டு?" என்றான். இல்லை, 'கம் டுகெதர்' என்றேன். அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. இரண்டு நாள் சண்டை ஓடியது. மூன்றாம் நாள் அவன் தன் கேசட்டைக் கொண்டுவந்து, உள்ளே இருந்த அட்டையை என் மூக்குக்கு நேரே நீட்டினான். அச்சில் இருக்கிறது: முதல் பக்கம், முதல் பாட்டு, 'ஹியர் கம்ஸ் த சன்'. கேசட்டில் இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில் இருந்தால்தான் ஒரு பக்கத்தின் முடிவில் டேப் சும்மா ஓடாது. அதற்காக இந்த இரண்டு பாட்டையும் இடம் மாற்றிய கேசட்டுகள் அப்போது விற்பனையில் இருந்தன.

ஆக, அவனுக்கு வெட்டு விழுந்த பிறகு வருவது விடியல் இல்லை, 'கம் டுகெதர்'. ஒரு கிசுகிசுப்பு, அதன்மேல் ஏறி உட்காரும் பாஸ் கிடார், உருண்டுவரும் டிரம். இருட்டுக்குப் பின்னால் இன்னோர் இருட்டு. அவன் வீட்டிலேயே அதைப் போட்டுக் கேட்டேன். மனசார ஒப்புக்கொள்கிறேன், அதிலும் ஒரு அழகு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 'ஹியர் கம்ஸ் த சன்' எடுத்த எடுப்பில் வரும்போது அது ஒரு நல்ல பாட்டு, அவ்வளவுதான். சம்பாதித்து வாங்கிய விடியலாக இல்லை. அவன் இதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

வரிசையை இயந்திரம் கலைத்த கதைகள் நிறைய இருக்கின்றன. ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' இரட்டைத் தட்டு. தட்டுகளை அடுக்கி வைத்தால் தானாகவே ஒவ்வொன்றாக விழுந்து சுழலும் கருவிகளுக்காக, ஒரே தட்டில் முதல் பக்கத்தையும் நாலாம் பக்கத்தையும் அச்சிடுவது அன்றைய வழக்கம். பின்னாளில் சி.டி.க்கு மாற்றியபோது யாரோ அதைக் கவனிக்கவில்லை. முதல் சி.டி.யில் ஒன்றும் நாலும், இரண்டாவதில் இரண்டும் மூன்றுமாக வந்துவிட்டது. அதையே கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஆல்பத்தின் முடிவு நடுவில் இருக்கும். எட்டுத் தடக் கார்ட்ரிட்ஜ் என்ற அந்தக் காலத்து டேப் பெட்டி இன்னும் மோசம். ஒரு பாட்டின் நடுவிலேயே ஓசை மங்கி, க்ளக் என்று தடம் மாறி, மீதிப் பாட்டு வரும். அதில் ஒரே ஒரு நன்மை நடந்தது. பிங்க் ஃப்ளாய்டின் 'அனிமல்ஸ்' ஆல்பத்தை 1977இல் அந்தக் கார்ட்ரிட்ஜில் போட்டபோது, தட்டில் தலையிலும் வாலிலும் பிரிந்து கிடந்த 'பிக்ஸ் ஆன் த விங்' பாட்டின் இரண்டு துண்டுகளையும் ஸ்னோவி ஒயிட் வாசித்த ஒரு கிடார் இசை ஒட்டவைத்தது. தட்டில் அது கிடையாது.

இப்போது 'சார்ஜென்ட் பெப்பர்', 1967. இதன் முதல் பக்கத்துக்கு முதலில் போட்ட வரிசை வேறு. முதல் இரண்டு பாட்டில் மாற்றமில்லை. மூன்றாவதாக 'மிஸ்டர் கைட்' சர்க்கஸ் பாட்டு, பிறகு 'ஃபிக்ஸிங் எ ஹோல்', 'லூசி இன் த ஸ்கை', 'கெட்டிங் பெட்டர்', கடைசியில் 'ஷீஸ் லீவிங் ஹோம்'. நானும் அந்த நண்பனும் ஒரு காலி கேசட்டில் இந்தப் பழைய வரிசையைப் பதிவு செய்து கேட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை.

மூன்றாம் இடத்தில் சர்க்கஸ் வந்தால், தொடக்கத்திலிருந்த வாத்தியக் கோஷ்டிக் கூத்து அப்படியே நீள்கிறது. உண்மையிலேயே ஒரு காட்சிக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. இது பழைய வரிசையின் பலம், மறுக்க முடியாது. ஆனால் பக்கத்தின் கடைசியில் 'ஷீஸ் லீவிங் ஹோம்' வருகிறது. வீட்டை விட்டுப் போகும் பெண்ணின் கதை, வயலின், செல்லோ போன்ற தந்தி வாத்தியங்களும் ஹார்ப்பும் மட்டும், பீட்டில்ஸ் நால்வரில் ஒருவரும் இதில் வாத்தியம் தொடவில்லை. அது முடிந்து பக்கத்தைத் திருப்பினால் ஹாரிசனின் 'வித்தின் யூ வித்தவுட் யூ'. தம்புரா, தில்ருபா, தபலா. ஒரு நிதானத்துக்குப் பின்னால் இன்னொரு நிதானம். இரண்டும் ஒன்றை ஒன்று அமுக்குகின்றன.

வெளிவந்த வரிசையில் பக்கம் சர்க்கஸில் முடிகிறது. நீராவி ஆர்கன் ஒலிப்பதிவுகளைத் துண்டு துண்டாக வெட்டி, காற்றில் எறிந்து, கைக்கு வந்தபடி ஒட்டிய அந்தச் சுழற்சியில் தலை கிறுகிறுத்துப் போய் நிற்கிறோம். தட்டைத் திருப்புகிறோம். தம்புராவின் சுருதி எழுகிறது. ஆர்கன் ஓய்ந்த காதுக்கு அந்தச் சுருதி எவ்வளவு ஆழமாகக் கேட்கிறது தெரியுமா? ஹாரிசனின் இந்தப் பாட்டைத் தாண்டிப் போய்விடுகிறேன் என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பக்கத்தைத் திருப்பிவிட்டுக் கேட்டீர்களா, இல்லை ஒரே ஓட்டத்தில் கேட்டீர்களா?

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். லெட் செப்பலின் 1971இல் 'ஸ்டேர்வே டு ஹெவ'னை முதல் பக்கத்தின் முடிவில் வைத்தார்கள். எட்டு நிமிடம் ஏறி, கடைசி வரியில் குரல் மட்டும் தனித்து நிற்க, அப்புறம் ஊசியின் டக் டக். அதற்குமேல் உடனே ஒன்றும் கேட்க முடியாது, கேட்கவும் வேண்டியதில்லை. ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் 1975இல் 'பார்ன் டு ரன்' ஆல்பத்தின் நாலு மூலைகளையும் கணக்குப் பார்த்து நிறுத்தினார். இரண்டு பக்கமும் ஊரை விட்டு ஓடிவிடும் கனவில் தொடங்கி, அந்தக் கனவு உடைவதில் முடியும். 'டார்க் சைட்' ஆல்பத்தில், சாவைப் பற்றிய பாட்டில் சொல்லே இல்லாமல் கிளேர் டோரி பாடும் அந்தக் கதறல் அடங்கி முதல் பக்கம் முடிகிறது. மறுபக்கம் காசு குலுங்கும் ஓசை. சாவுக்கும் பணத்துக்கும் நடுவில் ஒரு தட்டின் கனம்தான் இருக்கிறது. பிங்க் ஃப்ளாய்ட் இந்த வரிசைக்காக நீதிமன்றம் வரை போனவர்கள். ஆல்பங்களைத் தங்கள் சம்மதமில்லாமல் பாட்டுப் பாட்டாகப் பிரித்து இணையத்தில் விற்கக் கூடாது என்று 2010இல் லண்டனில் வழக்காடி வென்றார்கள். மறுவருஷம் புது ஒப்பந்தம் போட்டுப் பிரித்து விற்க அவர்களே சம்மதித்தது வேறு விஷயம். எனக்கு அதில் வருத்தம்தான்.

என் கட்சிக்கு எதிராக இருக்கும் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1965இல் 'ரப்பர் சோல்' அமெரிக்காவில் வந்தபோது, அங்கிருந்த நிறுவனம் நாலு பாட்டை எடுத்துவிட்டு, வேறொரு ஆல்பத்திலிருந்து இரண்டு பாட்டைக் கொண்டுவந்து இரண்டு பக்கத்துக்கும் தலையில் வைத்தது. பீட்டில்ஸ் போட்ட வரிசையே அல்ல. ஆனால் பீச் பாய்ஸின் பிரையன் வில்சன் கேட்டது அந்தத் தட்டைத்தான். ஒரு பாட்டுகூடச் சோடை போகாமல் ஓர் ஆல்பம் முழுசாக இப்படி இருக்க முடியுமா என்று வியந்துபோய் அவர் உருவாக்கியதுதான் 1966இன் 'பெட் சவுண்ட்ஸ்'. தப்பான வரிசைக்குப் பிறந்த தங்கம். என் நண்பன் சண்டையில் தோற்கும்போதெல்லாம் இதைத்தான் எடுத்து வீசுவான். எனக்குப் பதில் வராது.

கடைசியாக 'ஆபி ரோடு' இரண்டாம் பக்கத்தின் வால். 'ஹர் மெஜஸ்டி' என்று ஒரு குட்டிப் பாட்டு, அரை நிமிடம்கூட இல்லை. முதலில் அது பாட்டுத் தொடரின் நடுவில், 'மீன் மிஸ்டர் மஸ்டர்ட்' பாட்டுக்கும் 'பாலிதீன் பேம்' பாட்டுக்கும் இடையில் இருந்தது. பால் மெக்கார்ட்னிக்குப் பிடிக்கவில்லை, தூக்கிப் போடச் சொன்னார். பீட்டில்ஸ் பதிவு செய்த எதையும் எறியக் கூடாது என்பது ஸ்டுடியோ விதி. அதனால் டேப்பைக் கவனித்த ஜான் கர்லாண்டர் என்ற இளைஞர் அந்தத் துண்டை எடுத்து, சுருளின் கடைசியில் கொஞ்சம் வெற்று டேப் விட்டு ஒட்டிவைத்தார். மெக்கார்ட்னி கேட்டார், அப்படியே இருக்கட்டும் என்றார். ஆல்பத்தின் முதல் உறைகளில் அதன் பெயர்கூட இல்லை.

அதைக் கவனித்துக் கேளுங்கள். 'த எண்ட்' முடிந்து, மௌனமாகி, ஆல்பம் தீர்ந்தது என்று நினைக்கும்போது டாங் என்று ஒரு பெரிய அடி விழும். அது 'ஹர் மெஜஸ்டி'யுடையது அல்ல. 'மஸ்டர்ட்' பாட்டின் கடைசி அடி, வெட்டும்போது இதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பாட்டின் முடிவில் வரவேண்டிய கடைசிச் சுரமோ வெட்டின இடத்திலேயே தங்கிவிட்டது. 'த எண்ட்' என்று பெயர் வைத்த பாட்டோடு ஆல்பம் முடிந்துவிட்டது, அதற்குமேல் கேட்பது பாவம் என்பான் என் நண்பன். அந்த வராத கடைசிச் சுரத்துக்காகவே நான் ஊசியைத் தூக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.