கொலைகாரன் யாரென்று ஊருக்கே தெரியும்

(யாங்கோனில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் முடித்துவிடப் பார்க்கிறேன். முடியாவிட்டால் இருட்டில் பேசுகிறேன். துப்பறியும் கதை பேச வந்தவனுக்கு இருட்டு ஒன்றும் பாதகமில்லை.

சென்னையில் பரபரப்பாக விற்ற ஒரு மர்ம நாவலை நாங்கள் நாடகமாக்கி யாங்கோன், பெகு, தட்டோன், மோல்மேன் என்று நான்கு ஊரில் போட்டோம். அந்த அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். நாவலின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் இன்றைக்கு ராத்திரியே போனில் தேடி எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிடுவீர்கள். கதை இவ்வளவுதான்: ஒரு வீட்டுப் பெரியவருக்கு மத்தியானச் சாப்பாடு தினமும் கேரியரில் கடைக்குப் போகிறது. ஒரு நாள் சாப்பிட்டவர் எழுந்திருக்கவில்லை. கேரியர் கை மாறிய வழியில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அதில் யார்?

நாங்கள் ஏதோ புதிதாகச் செய்யப் போவதாக நினைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தோம். அப்புறம் பார்த்தால், நம்மவர்கள் இதை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே செய்து முடித்திருக்கிறார்கள். ஜே.ஆர்.ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908இல் வந்தது. துப்பறியும் கோவிந்தன் வருகிற கதை, பதிப்பு மேல் பதிப்பாக விற்றது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' வந்தது. இரண்டையும் மேடைக்குக் கொண்டுவந்தவர் எம்.கந்தசாமி முதலியார். நடிகர் எம்.கே.ராதாவின் அப்பா. வள்ளியும் அல்லியும் பவளக்கொடியும் விடிய விடியப் பாடிக்கொண்டிருந்த மேடையில், திடீரென்று வக்கீலும் போலீசும் மாமியாரும் நடுக்கூடத்தில் நின்று நம்மைப் போலவே பேச ஆரம்பித்தால் எப்படி இருந்திருக்கும்? டி.கே.எஸ். சகோதரர்கள் நடித்த 'மேனகா' 1935இல் சினிமாவாகவே வந்துவிட்டது.

அந்தக் கந்தசாமி முதலியார் மூலமாகத்தான் எம்.ஜி.ஆர். சிறு வயதில் உறையூர் முகைதீன் நாடகக் கம்பெனியோடு ரங்கூனுக்கு வந்தார். பெரும்பாலும் பெண் வேஷம். அந்தக் காலத்துக் கம்பெனிகளுக்கு ரங்கூன் ஏதோ மதுரைக்கு அடுத்த ஸ்டேஷன் மாதிரி. இருக்காதா பின்னே? 1931 கணக்கெடுப்பில் இந்த ஊர் ஜனங்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது நடந்தே போனவர்கள், கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டதால் 1964க்குப் பிறகு கப்பலேறிப் போனவர்கள் எல்லாம் போக மிச்சம் இருப்பவர்கள் நாம். கூட்டம் குறைந்துவிட்டது, ஆனால் நாடகம் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

இன்னொன்று. நம் ஆரணி குப்புசாமி முதலியார் ஷெர்லாக் ஹோம்ஸை ஆனந்த சிங் ஆக்கினார். இங்கே பர்மியரில் ஷ்வே ஊ தௌங் அதே ஹோம்ஸை மௌங் சான் ஷா ஆக்கினார். என் பர்மிய நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, மௌங் சான் ஷா வெள்ளைக்காரரிடமிருந்து வந்தவர் என்பதையே அவர் நம்பவில்லை. கைலி கட்டி ரங்கூன் தெருவில் நடக்கிற ஆளை எப்படி நம்புவார்? ஊர் மாற்றினால் அப்படி மாற்ற வேண்டும்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். நாவலில் அறுபதுக்கு மேல் அத்தியாயம், நாற்பது பாத்திரம். எங்களிடம் ஆறு பேர். அதில் ஒருத்தருக்கு ராத்திரி டியூட்டி, வாரத்தில் மூன்று நாள்தான் ஒத்திகைக்கு வருவார். ஆள் குறைவு என்று நாங்கள் புலம்பிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி இங்கிலாந்துக் கதை ஒன்றைக் கொண்டுவந்தான். சூசன் ஹில் எழுதிய 'தி வுமன் இன் பிளாக்' என்ற பேய்க்கதை நாவல். 1987இல் ஸ்கார்பரோ என்கிற கடற்கரை ஊரில், கையில் காசில்லாத சமயத்தில், ஸ்டீபன் மாலட்ராட் அதை நாடகமாக்கினார். பேசி நடிக்க இரண்டே பேர். ஒரு பெரிய பிரம்புக் கூடைப்பெட்டியே மேஜை, அதுவே குதிரை வண்டி, அதுவே கட்டில். லண்டனில் 1989இல் ஆரம்பித்து 2023 மார்ச் வரை 13,232 காட்சி ஓடியது. கூடைப்பெட்டியை வைத்துக்கொண்டு!

அன்றைக்கே எங்கள் மேடைச் சாமான் பட்டியலைக் கிழித்துப் போட்டோம். மிஞ்சியது ஒரு கதவுச் சட்டம், இரண்டு ஸ்டூல், ஒரு நாலடுக்குக் கேரியர். கதவு இல்லாமல் மர்ம நாடகம் நடத்த முடியாது, இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பாதி நாடகம் யார் உள்ளே வருவார் என்பதில்தான் இருக்கிறது. அந்தச் சட்டத்தை நாலு போல்ட்டில் கழற்றி லைன் கார் என்கிற பஸ்ஸின் கூரையில் கட்டிவிடலாம். அந்தக் காலத்தில் மோல்மேனுக்குச் சாமான் கொண்டுபோனவர்கள் மோட்டமாவில் எல்லாவற்றையும் இறக்கிப் படகில் ஏற்ற வேண்டியிருந்தது. 2005இல் தன்லுவின் ஆற்றுப் பாலம் திறந்த பிறகு அந்தக் கஷ்டம் இல்லை. இருந்தாலும் ஏற்றி இறக்குகிற கை நம் கைதானே.

கேரியரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாவலில் துப்பு கிடைப்பது போன் பதிவிலிருந்து. எத்தனை மணிக்கு எந்த நம்பருக்கு யார் பேசினார் என்று இரண்டு பக்கம் ஓடும், படிக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். மேடையில் ஒருத்தன் போனைப் பார்த்து நம்பர் வாசித்தால் இருபதாவது வரிசையில் இருக்கிற ஆச்சிக்கு என்ன தெரியும்? அதனால் துப்பைக் கேரியருக்கு மாற்றினோம். காலையில் நாலடுக்காகப் போகிறது. சாயங்காலம் மூன்றடுக்காகத் திரும்பி வருகிறது. அவ்வளவுதான். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். மருமகள் அதை வாங்கித் திண்ணையில் வைப்பாள், நடுக்கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும், அடுக்குகள் தொளதொளவென்று ஆடும். பெகுவில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு அம்மா, "ஏண்டி, ரசக் கிண்ணம் எங்கே?" என்று கேட்டுவிட்டார். பக்கத்தில் யாரையும் கேட்கவில்லை, மேடையில் இருந்த பெண்ணைத்தான் கேட்டார். நாவலாசிரியர் இரண்டு பக்கத்தில் செய்ததை அந்த ஈயக் கிண்ணம் செய்துவிட்டது.

அதே பெகுவில் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. நாவல் மருமகளின் வாய்மொழியாகப் போகிறது, "நான்" "நான்" என்று. மனசுக்குள் நடக்கிறதை என்ன செய்வது? பெரிய தலைவலி அது. 'தி கேர்ள் ஆன் தி டிரெய்ன்' மூன்று பெண்கள் மாறி மாறிச் சொல்கிற நாவல், அதில் ஒருத்திக்குக் குடியில் ஞாபகமே தப்பிப் போயிருக்கும். அதையும் 2018இல் லீட்ஸில் மேடையேற்றி, பிறகு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நாங்கள் சுலப வழி என்று நினைத்து மருமகளின் குரலைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் விட்டோம். அவள் ஜன்னலைப் பார்த்து நிற்பாள், குரல் மட்டும் கேட்கும். பெகுவில் "அன்றைக்கு நான் பார்த்தது..." என்கிற இடத்தில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. குரலும் நின்றது. பாவம் அந்தப் பெண், ஜன்னலைப் பார்த்தபடி இருட்டில் அப்படியே நிற்கிறாள். பின்னாலிருந்து ஒருத்தர், "பார்த்ததைச் சொல்லும்மா, வீட்டுக்குப் போகணும்" என்றார்.

செத்துப்போன பெரியவராக நடித்தவரே டாக்டராகவும் வந்ததைப் பற்றி நான் பேசப் போவதில்லை. மீசையை மாற்றினால் போதும் என்று நினைத்தது என் தப்பு.

ஆனால் பெரிய அடி தட்டோனில்தான் விழுந்தது.

அகதா கிறிஸ்டியின் 'மௌஸ்டிராப்' நாடகம் 1952 அக்டோபரில் நாட்டிங்ஹாமில் ஆரம்பித்தது, சில ஊர்கள் சுற்றி நவம்பரில் லண்டன் வந்தது. கொரோனாவில் ஒரு வருஷத்துக்கு மேல் நின்றது போக, லண்டனில் இன்றும் ஓடுகிறது. காட்சி முடிந்ததும் ஒரு நடிகர் முன்னால் வந்து, கொலைகாரன் யாரென்று வெளியே சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்வார். ஜனங்களும் காப்பாற்றுகிறார்கள். நானும் அதையே செய்தேன். பெகுவில் முடிவில் கை கூப்பி, "தயவுசெய்து தட்டோனில் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்" என்றேன். அதைவிட முட்டாள்தனம் உண்டா? பெகுவில் இருப்பவருக்குத் தட்டோனில் சம்பந்தி, தட்டோனில் இருப்பவருக்கு மோல்மேனில் அத்தை. நாங்கள் கதவுச் சட்டத்தைக் கழற்றி முடிக்கிறதுக்குள் செய்தி சித்தௌங் ஆற்றைத் தாண்டிவிட்டது.

தட்டோனில் கோயில் பக்கத்து மைதானத்தில் மேடை. திரை விலகி, குடும்பம் மொத்தமும் நிற்கிறது. முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பையன், பத்து வயசு இருக்கும், கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தான், எழுந்து நின்று கை நீட்டி, "அந்த மாமாதான்! அந்த மாமாதான் விஷம் வச்சார்!" என்று கத்தினான். நாடகம் ஆரம்பித்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மாமாவாக நடித்தவர் என்னைப் பார்க்கிறார், நான் திரை இழுக்கிறவனைப் பார்க்கிறேன்.

எப்படியோ நடத்தி முடித்தோம். நான் வேர்த்துப்போய்ப் பக்கத்தில் நின்று கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தரும் எழுந்து போகவில்லை. அதுமட்டுமில்லை, பெகுவைவிட அமைதியாகப் பார்த்தார்கள். அந்த மாமா பெரியவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற சாதாரண இடம் ஒன்று உண்டு. பெகுவில் அந்த நேரத்தில் கடலை வாங்கப் போனார்கள். தட்டோனில் மூச்சுக்கூட விடவில்லை.

அன்று ராத்திரி எங்களுக்குள் சண்டை. ஒரு கட்சி, நாடகம் செத்துவிட்டது, மோல்மேனை ரத்து செய்வோம் என்றது. நான் யோசித்தது வேறு. கூத்து பார்க்கிறவனுக்குத் துரியோதனன் சாவான் என்று தெரியாதா? திரௌபதி கூந்தல் முடிப்பாள் என்று தெரியாதா? தெரிந்துதானே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறான். இங்கே பர்மியர் ஜாத் ப்வே நாடகத்துக்குப் பாயும் தலையணையும் தூக்கிக்கொண்டு போகிறார்களே, அங்கே நடக்கிற புத்தர் பிறவிக் கதைகள் தெரியாதவர் யார்? தனியாக உட்கார்ந்து பக்கம் புரட்டுகிறவனிடம் ரகசியத்தை ஒளித்து வைக்கலாம். ஊரே கூடி உட்கார்ந்த இடத்தில், நமக்குத் தெரிந்தது மேடையில் இருக்கிற அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லையே என்கிற தவிப்புதான் ஆளைப் பிடித்து வைக்கும்.

ஆகவே மோல்மேனுக்காக நாடகத்தைத் தலைகீழாக்கினோம். கான்ஸ்டபிள் பாத்திரத்தைக் கூத்தில் வருகிற கட்டியங்காரன் ஆக்கினோம். அவர் முதலில் வந்து, ஜனங்களைப் பார்த்து, "அந்த மாமாதான் செய்தார், எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், எங்க ஸயாவுக்குத்தான் தெரியாது" என்று சொல்லிவிடுவார். பிறகு இன்ஸ்பெக்டர் வந்து எதைக் கேட்டாலும் ஒரே பதில், "மத்தீபூ, ஸயா." தெரியாதுங்க ஐயா. எல்லாம் தெரிந்த ஆள் மத்தீபூ என்று சொல்லச் சொல்ல, தமிழ் சரியாகப் பிடிபடாத நம் சின்னப் பிள்ளைகள்கூட விழுந்து விழுந்து சிரித்தார்கள். பதிவுக் குரலைத் தூக்கி எறிந்தோம். மருமகள் மனசில் இருந்ததையும் கான்ஸ்டபிளே சொல்லிவிட்டார்.

இதற்கு எழுத்தாளரிடம் அனுமதி வாங்க வேண்டுமே. நாடகமாக்க முன்பே எழுத்தில் வாங்கியிருந்தோம், ஆனால் முடிச்சை முதலில் அவிழ்க்கிறோம் என்று சொல்லவில்லை. மோல்மேன் போகிற வழியில் போன் செய்தேன். "அப்புறம் எதுக்குத் தம்பி என் நாவல்?" என்றார். நியாயமான கேள்வி. 'அண்ட் தென் தேர் வேர் நன்' நாவலை 1943இல் நாடகமாக்கியபோது கிறிஸ்டியே முடிவை மாற்றிக்கொண்டார். எல்லாரும் செத்துவிட்டால் மேடையில் கதை சொல்ல ஆள் இல்லை என்பதற்காக. அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி, தலைப்பை மாத்திடுங்க. யாரும் வீடியோ எடுக்கக் கூடாது" என்றார். பெரிய மனசு.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நாவலின் கடைசி அத்தியாயம் தருகிற அந்த அதிர்ச்சி எங்கள் நாடகத்தில் இல்லை. மோல்மேனில் நாவலைப் படித்திருந்த இரண்டு பேர் வந்து முகத்துக்கு நேரே, "கெடுத்துட்டீங்க" என்றார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான். ஆனால் அன்று மழை தூறியும் மற்றவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. ஒன்பதரைக்கு முடிந்ததும், "இவ்வளவுதானா? ஒரு பாட்டாவது பாடுங்க" என்று பிடித்துக்கொண்டார்கள். கட்டியங்காரர் பாடினார். மாமா தாளம் போட்டார்.

அடுத்ததாகப் பீலிக்கான் பக்கம் போடலாம் என்று பேச்சு நடக்கிறது. ஒரு சிக்கல். காணாமல் போன நாலாவது அடுக்கை மேடைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலுக்கு அடியில் வைப்போம். மோல்மேனில் சாமான் ஏற்றும்போது பார்த்தால், அது நிஜமாகவே காணாமல் போயிருக்கிறது. இப்போது எங்களிடம் இருப்பது மூன்றடுக்குக் கேரியர். யார் எடுத்தது என்று கான்ஸ்டபிளைக் கேட்டேன், மத்தீபூ என்கிறார். உங்கள் யார் வீட்டிலாவது பழைய ஈயக் கேரியர் நாலடுக்காக இருந்தால், போகும்போது வாசலில் இருக்கிற தம்பியிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.