537 வாக்குகளில் ஜெயித்தவரின் அதிகாரம்

வணக்கம் நேயர்களே. 2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஃபுளோரிடாவில் ஏறக்குறைய 60 லட்சம் பேர் வாக்களித்தார்கள். ஜார்ஜ் புஷ் அங்கே ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டது 537 வாக்கு வித்தியாசத்தில். நாடு முழுவதும் கூட்டினால் அவரை எதிர்த்து நின்ற அல் கோருக்குத்தான் ஐந்து லட்சத்துக்கும் மேல் அதிகம். ஆனால் அங்கே கணக்கு மாநிலவாரியாகத்தான்; ஃபுளோரிடாவில் ஜெயிப்பவருக்கே அதிபர் பதவி என்ற நிலை.

பாம் பீச் மாவட்டத்தின் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர்கள் இரண்டு பக்கமும் இருந்தன, துளையிடும் இடமோ நடுவில். கோருக்குப் போட வந்த பலர் இன்னொரு வேட்பாளரான பேட் புகேனனுக்குத் துளையிட்டுவிட்டார்கள். பல சீட்டுகளில் துளையிட்ட துண்டு விழாமல் ஒட்டிக்கொண்டே இருந்தது. அதிகாரிகள் ஒவ்வொரு சீட்டாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற தீர்ப்பில் மறு எண்ணிக்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

இந்த 36 நாள் இழுபறியால் புதிய அரசு தயாராகக் கிடைத்த காலம் பாதியானது. முக்கியப் பதவிகளுக்கு ஆள் நியமிப்பது தாமதமானதை, செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையமே பதிவு செய்திருக்கிறது.

பிரச்சார விவாதத்தில் அமெரிக்கா அடக்கமாக நடக்க வேண்டும் என்றவர் புஷ். அப்புறம் நடந்தது என்ன? 2001 மார்ச்சில், புவி வெப்பமாதலைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட கியோட்டோ உடன்பாட்டைக் கைவிட்டார். 2003 மார்ச்சில் ஈராக்கில் படை இறங்கியது.

கோர் வந்திருந்தால்? கியோட்டோவில் பெரிய மாற்றம் இருந்திருக்காது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் 1997-லேயே அதுபோன்ற உடன்பாடு வேண்டாமென்று 95-0 எனத் தீர்மானம் போட்டிருந்தது. ஈராக் போர் நடந்திருக்காது என்பது என் கருத்து. 2002 செப்டம்பரிலேயே சான் பிரான்சிஸ்கோவில் அவர் அதை வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார். அவருடன் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட லீபர்மன் போரை ஆதரித்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எனக்குத் தீராத ஆற்றாமை ஒன்று உண்டு. 537 வாக்கில் வந்தவருக்கும் கோடி வாக்கில் வந்தவருக்கும் அதிகாரம் ஒன்றுதான், சரி. ஆனால் போர் அறிவிக்கும் உரிமையை அமெரிக்க அரசியல் சாசனம் நாடாளுமன்றத்துக்கல்லவா கொடுத்திருக்கிறது? அதை 2002 அக்டோபரில் செனட் 77-23 என்ற வாக்கில் அதிபர் கையில் ஒப்படைத்தது. ஆதரித்தவர்களில் கோரின் கட்சியினர் 29 பேர். துளையிடும் சீட்டுகளை மாற்ற நிதி கொடுக்கும் சட்டமும் அதே மாதம்தான் கையெழுத்தானது. வாக்குச்சீட்டைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள், போரை நிறுத்தும் பிடியைத் தாங்களே விட்டுக்கொடுத்தார்கள். நன்றி, வணக்கம்.