மூவருக்கு மட்டும் அனுமதி

நேயர்களுக்கு வணக்கம்.

1927 டிசம்பரில் பெர்லின் நாளிதழ் ஒன்றில் சிறு விளம்பரம் ஒன்று வந்தது. தொழில்முறைப் பாடகர்கள் தேவை. வயது 25-ஐத் தாண்டக் கூடாது. தினமும் எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும் என்று எழுத வேண்டும். கொடுத்தவர் ஹாரி ஃப்ரோமர்மன் என்ற 21 வயது இளைஞர். அமெரிக்காவின் 'ரெவலர்ஸ்' குழுவினரின் இசைத்தட்டுகளில் மயங்கி, ஜெர்மனியிலும் அப்படியொரு குழு வேண்டும் என்று ஆசைப்பட்டவர்.

அப்படிப் பிறந்ததுதான் 'காமெடியன் ஹார்மனிஸ்ட்ஸ்'. தார ஸ்தாயியில் பல்கேரியரான ஆரி லெஷ்னிகோஃப். அடியில் ராபர்ட் பிபெர்ட்டியின் கனத்த குரல். நடுவில் எரிக் கொலின், போலந்துக்காரரான ரோமன் சிகோவ்ஸ்கி, ஃப்ரோமர்மன். பியானோவுக்கு எர்வின் பூட்ஸ். எக்காளம் வேண்டுமென்றால் வாயாலேயே ஊதிவிடுவார்கள். ஐந்து குரலும் குழைந்து வரும்போது எது யாருடையது என்று சொல்வது கடினம். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்துச் சேர்த்த சொத்து அது. 1928 செப்டம்பரில் மேடையேறினார்கள். சில ஆண்டுகளில் ஐரோப்பாவெங்கும் பேர் பரவியது.

பாடியதோ வசந்தத்தையும் காதலையும் பால்கனியில் நிற்கும் கள்ளிச்செடியையும். இதில் எந்த அரசுக்குத்தான் என்ன பகை? ஆனால் ஃப்ரோமர்மன், கொலின், சிகோவ்ஸ்கி மூவரும் யூத வம்சாவளியினர். 1933-இல் நாஜி அரசு இசைக்கென ஒரு மன்றம் அமைத்து, அதில் உறுப்பினராகாதவர் தொழில்முறையில் பாடக் கூடாது என்றது. 1934 மார்ச்சில் ஹனோவரில், ஜெர்மனி மண்ணில் அவர்களின் கடைசிக் கச்சேரி. அதே ஆண்டு அமெரிக்கா சென்றவர்கள் அங்கேயே தங்கியிருக்கலாம், திரும்பி வந்தார்கள்.

1935 பிப்ரவரியில் கடிதம் வந்தது. மூவருக்கு உறுப்பினர் தகுதி இல்லை. மற்ற மூவர் பாடலாம், ஆனால் இவர்களோடு சேர்ந்து பாடக் கூடாது. இதில் இருக்கும் சாமர்த்தியம்தான் எனக்கு அருவருப்பூட்டுகிறது. பாதிப் பேருக்குப் பிழைப்பை விட்டுவைத்து, பிரிகிற வேலையை நண்பர்கள் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

விலக்கப்பட்டவர்கள் வியன்னா சென்று புதியவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். தங்கியவர்களும் பெர்லினில் அதையே செய்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலப் பெயர்கூட ஆகாது என்றாகி, 'மைஸ்டர்செக்ஸ்டெட்' ஆனார்கள். இரண்டிலும் தேர்ந்த பாடகர்கள் இருந்தார்கள். ஆனாலும் என் காதுக்கு இரண்டும் அரைகுறையாகவே படுகின்றன. 1938-இல் ஆஸ்திரியாவையும் ஹிட்லர் விழுங்கியபின் வியன்னாவும் கைவிட்டுப் போனது. கடல் கடந்து பாடித் திரிந்த அந்தக் குழு 1941-இல் கலைந்தது. பெர்லின் குழுவும் உட்பூசலில் சிதைந்தது.

சிகோவ்ஸ்கியின் தந்தை போலந்தில் நாஜிகளால் கொல்லப்பட்டார். மகன் கேளிக்கை மேடையை விட்டு, அமெரிக்காவில் யூதத் தொழுகைக்கூடப் பாடகரானார். அறுவரில் கடைசியாக, 1998-இல் மறைந்தவரும் அவரே. அறுவரும் மறுபடி ஒன்றாக மேடையேறவே இல்லை.

அடுத்து நீங்கள் கேட்கப்போவது அந்தக் கள்ளிச்செடிப் பாட்டு. 1934-இல், அறுவரும் சேர்ந்திருந்தபோது பதிவானது. நகைச்சுவைப் பாட்டுதான், சிரித்துக்கொண்டே கேளுங்கள்.