குல்லாயைக் கழற்றிக் கொடுத்த பிரபு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1797 மே 12. இரண்டு நாளில் எழுபத்திரண்டு வயது முடியப்போகும் பெரியவர் ஒருவர், வெனிஸ் அரண்மனையில் மகுடத்துக்கு அடியில் அணியும் வெள்ளைத் துணிக் குல்லாயைக் கழற்றிப் பணியாளிடம் நீட்டுகிறார். "இந்தா, வைத்துக்கொள். இனி எனக்கு இதில் வேலையில்லை" என்றாராம். ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்ற கடல் குடியரசு அன்றோடு முடிந்தது. அவர்தான் கடைசி டோஜே, அதாவது அந்தக் குடியரசின் தலைவர், லுடோவிகோ மானின்.

டோஜே என்றதும் ராஜா என்று நினைத்துவிடாதீர்கள். பட்டம் மகனுக்குப் போகாது. வெனிஸ் பொற்காசு நம் தென்னிந்தியக் கரையிலும் புழங்கியதுதான். அதில் டோஜே, வெனிஸின் காவல் புனிதரான மாற்குவின் முன் மண்டியிட்டுத்தான் இருப்பார். அவரைத் தேர்ந்தெடுக்கும் முறையோ தலை சுற்ற வைக்கும். குலுக்கலில் முப்பது பேர், அதிலிருந்து மறுபடி குலுக்கி ஒன்பது பேர், அந்த ஒன்பது பேர் நாற்பது பேரைச் சொல்ல, அந்த நாற்பதிலும் குலுக்கல்... இப்படியே போய், கடைசியில் 41 பேர் உட்கார்ந்து ஒருவரைத் தேர்வார்கள். எல்லாம் எதற்கு? பதவியை யாரும் பணத்தால் வாங்கிவிடக் கூடாதாம்!

ஆனால் பிரபு என்ற தகுதியே விலைக்குக் கிடைத்தது. கிரீட் தீவுக்காகத் துருக்கியரோடு நடந்த போரில் கஜானா வற்றியதும், ஒரு லட்சம் டுகாட் பணம் கட்டிய குடும்பங்களின் பெயர், பிரபுக்களின் பதிவேடான 'தங்கப் புத்தகத்தில்' ஏறியது. வெனிஸுக்கு வடகிழக்கே உள்ள ஃபிரியூலிப் பக்கத்து மானின் குடும்பம் 1651-இல் அப்படி உள்ளே வந்ததுதான். 1789 மார்ச்சில் லுடோவிகோ டோஜே ஆனபோது, "ஃபிரியூலிக்காரனை டோஜே ஆக்கிவிட்டார்கள், குடியரசு செத்தது" என்று பழைய குடும்பத்துப் பிரபு ஒருவர் பொருமினாராம். நாலே மாதத்தில் பாரிசில் பாஸ்டீல் சிறை விழுந்தது, பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது.

அப்புறம் பிரெஞ்சுப் படையோடு நெப்போலியன் வந்தார். "இன்றிரவு நம் படுக்கையில்கூட நமக்குப் பாதுகாப்பில்லை" என்று டோஜே கலங்கினார். பிரபுக்களின் பெருமன்றத்தில் 600 பேர் கூடினால்தான் முடிவு செல்லும், வந்தவர்கள் 537. ஊரைவிட்டுக் கிளம்பிய, வெனிஸின் படையிலிருந்த டல்மேஷியச் சிப்பாய்கள் விடைபெறும் மரியாதையாகத் துப்பாக்கி வெடித்தார்கள். கலகமோ என்று பதறிய பிரபுக்கள் விறுவிறுவென்று வாக்குப் போட்டார்கள். 512 பேர் குடியரசே வேண்டாம் என்றார்கள்!

மானினைக் கோழை என்று ஏசுவார்கள். எனக்கு அது முழுக்க ஒப்பவில்லை. பயந்தவர்தான், சரி. ஆனால் போரிட்டிருந்தால் பீரங்கிக் குண்டு விழுவது வெனிஸ் மக்கள் தலையில் அல்லவா?

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அந்த ஆண்டு நெப்போலியன் தங்கியது பஸ்ஸரியானோவில், மானினின் சொந்த மாளிகையில். வெனிஸை ஆஸ்திரியாவுக்குத் தூக்கிக் கொடுத்த காம்போ ஃபோர்மியோ உடன்படிக்கை, அக்டோபர் 17-இல் அந்த வீட்டுக்குள்ளேயே கையெழுத்தானது.

புதிய நகராட்சிக்குத் தலைமை ஏற்கக் கூப்பிட்டார்கள். மானின் போகவில்லை. 1802-இல் இறந்தார். வெனிஸ் ரயில் நிலையத்தை ஒட்டிய ஸ்கால்ஸி தேவாலயத்தில் குடும்பக் கல்லறை இருக்கிறது. கல்லில் மானின் என்ற பெயர் உண்டு, சாம்பல் என்ற சொல் உண்டு. டோஜே என்ற சொல் இல்லை.