பிள்ளை சொன்னதும் பெரியவர்கள் சேர்த்ததும்

நேயர்களுக்கு வணக்கம். முற்பிறவி நினைவிருப்பதாகச் சொல்லும் சிறுபிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சி நமக்குத் தொலைதூரச் சங்கதி அன்று. அமெரிக்காவின் வேர்ஜீனியாப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் இயன் ஸ்டீவன்சன் 1961இல் இலங்கைக்கு வந்தார். 1966இல் அவர் நூலாக வெளியிட்ட இருபது சம்பவங்களுள் ஒன்றில், இம்மலைநாட்டுச் சிறுமி ஒருத்தி தலவாக்கலையைத் தன் பழைய ஊராகச் சொன்னதாகப் பதிவாகியுள்ளது.

இத்தகைய பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் பேசத் தொடங்கி, பள்ளிக்கூடம் போகும் பருவத்தில் மெல்ல மறந்துவிடுகிறார்கள். ஆராய்ச்சியின் சிக்கல் பிள்ளையிடத்தில் இல்லை, சுற்றியிருக்கும் நம்மிடத்தில்தான் இருக்கிறது. "எனக்கு வேற அம்மா இருக்காங்க, அங்க ரயில் போகும்" என்று மட்டும் ஒரு பிள்ளை சொல்லியிருக்கும். தேயிலைத் தோட்டத்தில் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும்போது தாய் அதைச் சொல்ல, மாலைக்குள் அது நானுஓயா ஸ்டேஷனாகிவிடும். வாரம் முடிவதற்குள் அவ்வூரில் இறந்த ஒருவருடைய பெயரும் வந்து ஒட்டிக்கொள்ளும். இரு குடும்பங்களும் சந்தித்துவிட்டாலோ, பிள்ளை முன்பே சொன்னது எது, அன்று காதில் விழுந்தது எது என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது.

ஆகவேதான், ஸ்டீவன்சனும் கண்டியைச் சேர்ந்த கொட்வின் சமரரத்னவும் 1988இல் வெளியிட்ட மூன்று இலங்கைச் சம்பவங்களை நான் மற்றவற்றிலும் மேலாக மதிக்கிறேன். இறந்தவர் யாரென்று தெரியுமுன்னரே பிள்ளையின் சொற்கள் அவற்றில் எழுதிவைக்கப்பட்டிருந்தன. பெரும்பாலானவை பொருந்தின, சில பொருந்தவில்லை. இது மறுபிறப்புக்கு நிரூபணமாகுமா என்றால், ஆகாது என்பதே என் கருத்து. ஆனால் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது.

ஐஸ்லாந்து உளவியலாளர் எர்லெண்டர் ஹரால்ட்சன் இங்குள்ள பிள்ளைகளை அதே வயதினரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இவர்களுக்குச் சொல்வளம் கூடுதலாக இருந்தது, படிப்பும் நன்றாக இருந்தது; பிறர் தூண்டுதலுக்கு எளிதில் இணங்கும் தன்மை மற்றவர்களைவிட அதிகமில்லை. (நம்மவர்கள் நினைப்பதுபோல் இது மந்தபுத்தியுமன்று, பிடித்த பேயுமன்று.) எனினும் மனஅழுத்தத்தின் அறிகுறிகள் இவர்களிடம் மிகுந்திருந்தன; விபத்து, கொலை போன்ற கொடிய மரணங்களைப் பற்றியே பலர் பேசியதை அவர் அதனோடு சேர்த்து நோக்கினார்.

தோட்டத்து லயக் குடியிருப்பில் பிள்ளையொன்று இவ்வாறு பேசினால், தேதியையும், பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே மாற்றாமலும், அருகில் யார் இருந்தார்கள் என்பதையும் கொப்பியில் எழுதிவையுங்கள். "அவர் பேர் இதுதானே?" என்று எடுத்துக்கொடுக்க வேண்டாம். இரவில் பயந்து அலறினால், பூசாரியிடம் போகுமுன் ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிச்செல்லுங்கள். வணக்கம்.